இரண்டு கதவும் திறந்திருந்த நாள்

நாய்ச் சண்டை குரைப்பில் தொடங்கும் என்று ஒரே ஒரு நாய் வளர்ப்பவர்கள் நினைக்கலாம். ஒன்றுக்கு மேல் வளர்க்கும் வீட்டில் அது அமைதியில் தொடங்கும். வெளியே தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடும். வால் ஆடாமல் விறைக்கும். முதுகின் மேல் கோடு போட்டதுபோல மயிர் எழும். பிறகு இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பதுபோல நிற்கும். அந்தச் சிறிய இடைவெளியில் ஏதாவது செய்தால்தான் உண்டு. சத்தம் வந்துவிட்டால் தடுக்க முடியாது, பிரிக்கத்தான் வேண்டியிருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது அம்மாவின் இடது மணிக்கட்டில் பல் இறங்கிய பிறகு.

வடக்கனந்தலைத் தாண்டி, மலைக்குப் போகும் பக்கம் எங்கள் வீடு. அப்பா மரவள்ளி வைக்கிறார், தண்ணீர் இருந்தால் கரும்பும். அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அண்ணியும் கைக்குழந்தையும் எங்களோடு இருக்கிறார்கள். நான் எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் சோலார் பம்பு பொருத்தித் தரும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்.

நாய்கள் மூன்று. மூத்தது செவலை, அப்பாவின் நாய். நிலத்துக்கு அவர் பின்னால் போகும், அவர் பின்னால் திரும்பும். அவர் கூப்பிட்டால் தின்றுகொண்டிருக்கும் சோற்றை விட்டுவிட்டு எழுந்து வரும். அடுத்தது வெள்ளை. பொமரேனியன் மாதிரி இருக்கும், முழுப் பொமரேனியன் இல்லை. நைனார்பாளையத்திலிருந்து அண்ணி கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு சேர்ந்து வேனில் வந்து இறங்கியது. உடம்பு கையளவு, தொண்டை ஊரளவு.

மூன்றாவது சாமை. அது என்னுடையது. கல்வராயன் மலையில் ஓர் ஊருக்குப் பம்பு பொருத்தப் போயிருந்தோம். வேலை நடந்த வீட்டு வாசலில் சாமை காயப்போட்டிருந்தார்கள். அதன் நடுவில், ஏறக்குறைய அதே நிறத்தில், ஒரு பெட்டைக் குட்டி தானியத்தில் குழி பறித்துப் படுத்திருந்தது. வீட்டுக்காரம்மா விரட்டி விரட்டி அலுத்துப்போயிருந்தார். "உனுக்கு வோணும்னா தூக்கிக்கினு போ கண்ணு, புண்ணியமாப் போவும்" என்றார். பேனல் ஏற்றி முடித்து வந்து பார்த்தபோது அது என் கருவிப் பையின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. இறங்கும்போது அந்தப் பைக்குள்ளேயே வந்தது.

குட்டியாக இருந்தவரை செவலை அதைப் பொறுத்துக்கொண்டது. காதைக் கடித்து இழுத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாமை வளர்ந்து பருவத்துக்கு வந்த சமயத்தில்தான் செவலைக்கு இடுப்பு வலி ஆரம்பித்தது. உட்கார்ந்தால் எழுவதற்குச் சிரமப்படும். யாராவது அந்தப் பக்கம் போனால் உதட்டைத் தூக்கும். கால்நடை மருத்துவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் பொட்ட. ஒண்ணு ஏறிக்கினு வருது, ஒண்ணு எறங்கிக்கினு போவுது. பாத்து இருங்க" என்றார். சாமைக்குக் கருத்தடை செய்தோம். செவலைக்கு அந்த வயதில் வேண்டாம் என்றார். சாமை குட்டி போடும் கவலை தீர்ந்தது, பகை தீரவில்லை.

அம்மா கடிபட்ட அந்தச் சண்டை வெள்ளையால் வந்தது. தெருவில் தர்பூசணி வண்டி போனது. வெள்ளை அதைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தது. குரைத்தது அது, ஆனால் அந்தக் குரைப்பின் வேகத்தில் மற்ற இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பாய்ந்தன. அப்பா தடியெடுத்து இரண்டின் முதுகிலும் போட்டார். அடி விழ விழ ஒவ்வொன்றும் மற்றதுதான் அடிக்கிறது என்று நினைத்து இன்னும் ஆழமாகக் கவ்வியது. நான் சாமையின் பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பின்னால் இழுத்தேன். அம்மா, பெற்ற பிள்ளைகளை விலக்குவதுபோல, இரண்டுக்கும் நடுவில் கையை விட்டார்.

ஆஸ்பத்திரியில் கழுவி, ஊசி போட்டு, கட்டுக் கட்டி அழைத்து வந்தோம். நாய்கள் மூன்றுக்கும் தடுப்பூசி போட்டிருந்ததால் அந்தப் பயம் குறைவு. ஆனால் வீட்டுக்கு வந்ததும் வேறு பயம் காத்திருந்தது.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "எது கடிச்சுது?"

அம்மா யோசிக்கவே இல்லை. "சாமதான்."

"இல்லப்பா. சாமையோட பின்னங்காலு என் கைல இருந்துச்சு. நான் இழுத்துக்கினு இருந்தேன். அம்மா கை செவல பக்கம்தான்..."

"ஏன்டி, கடி வாங்கனது நானா, நீயா?" என்றார் அம்மா. "எறங்கனது யார் பல்லுன்னு எனுக்குத் தெரியாதா? இஞ்சினீரு வந்துட்டாங்க கண்டுபுடிக்க."

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டம் இருந்தது. வீட்டு மனுஷர்களைக் கடித்த நாய் வீட்டில் இருக்கக் கூடாது. நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு நாய் சித்தப்பாவின் காலைக் கடித்தது. அப்பா அதற்குக் கயிறு கட்டி ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப் போனார். திரும்பி வரும்போது கையில் கயிறு மட்டும் இருந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. அந்த நாயைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

"மலைலேர்ந்து வந்துது. மலைக்கே போவட்டும்" என்றார் அப்பா.

சாமை பிறந்த வீட்டுக்காரர்கள் இப்போது அங்கே இல்லை. மிளகு பறிக்கிற வேலைக்குக் குடும்பத்தோடு கேரளாவுக்குப் போய்விட்டார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அங்கே பம்பைச் சரிபார்க்கப் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். மலைக்கு அனுப்புவது என்றால் ஒரு பூட்டிய வீட்டு வாசலில் இறக்கி விட்டுவிட்டு, அது பின்னால் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தபடி வண்டியை முறுக்குவது. இதை நான் அப்பாவிடம் சொன்னேன். சத்தம் போடாமல்தான் சொன்னேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"கூழு ஊத்தற வரிக்கும் பாக்கலாம். அதுக்குள்ள இன்னொரு வாட்டி சண்ட வந்துதுன்னு வையி, நீயே கொண்டும்போயி வுட்டுட்டு வர."

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வரை சண்டை வரக் கூடாது. வந்தால் சாமை போய்விடும். எனக்கு இவ்வளவுதான் கணக்கு.

எங்கள் வேலையில் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. மெயின் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கம்பிக்குள் வந்துவிடக் கூடாது, வந்தால் தீப்பிடிக்கும். அதனால் ஒன்றை மூடினால்தான் மற்றதைத் திறக்க முடியும் என்கிற மாதிரி அமைத்திருப்பார்கள். ஆளுடைய ஞாபகத்தை நம்ப மாட்டார்கள். நான் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். முன்னால் தெருவைப் பார்த்த கிரில் கதவு. பின்னால் சமையலறையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் கதவு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருப்பதால் சுற்றிப் போக வழி இல்லை. தெரு செவலைக்கு, தோட்டம் சாமைக்கு, நடுவில் இருக்கும் வீடு இரண்டுக்கும் முறை வைத்து. வெள்ளை எப்போதும் அண்ணியின் காலடியில்.

ஒரே சாவியில் திறக்கும் இரண்டு பூட்டு வாங்கினேன். பூட்டினால் மட்டுமே சாவி வெளியே வரும் வகை. திறந்திருக்கும் பூட்டில் சாவி மாட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே முன்கதவு திறந்திருந்தால் பின்கதவைத் திறக்கச் சாவி கிடைக்காது. பின்கதவைத் திறக்க வேண்டுமென்றால் முன்கதவைப் பூட்டித்தான் ஆக வேண்டும். மீதிச் சாவிகளை அலுவலக மேசையில் போட்டுவிட்டேன். வரைந்து காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள்.

வரையும்போது நான் ஒன்றை யோசிக்கவில்லை. எங்கள் குளியலறையும் கக்கூஸும் தோட்டத்தில் இருக்கின்றன.

காலையில் அப்பா தோளில் துண்டோடு கூடத்தில் நிற்பார். செவலை அவர் காலடியில் படுத்திருக்கும். அதை எழுப்பித் தெருவுக்கு அனுப்பி, கிரில்லைப் பூட்டி, சாவியை எடுத்து, பின்கதவுக்குப் போய்த் திறந்து, உள்ளே பாயப் பார்க்கும் சாமையைக் காலால் தள்ளி... "என் வூட்ல நான் கக்கூஸ் போறதுக்கு பர்மிசன் வாங்கணுமா?" என்பார். அம்மா அரிசி களைந்த தண்ணீரோடு பின்கதவில் முட்டிக்கொண்டு நிற்பார். "ஜெயில்ல கூட இத்தினி பூட்டு இருக்காதுடி. அங்க சோறாவது கைக்கு வரும்."

திட்டிக்கொண்டே செய்தார்கள். ஒரு கதவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் "யாரு உள்ள?" என்று குரல் கொடுப்பது எல்லோருக்கும் பழக்கமானது. பால்காரர்கூட சைக்கிளை நிறுத்திவிட்டு, "யாரு உள்ள?" என்று கேட்டுவிட்டுத்தான் கிரில்லைத் தொடுவார்.

சண்டை வரவில்லை. ஆனால் வீடு தளரவும் இல்லை. செவலை கூடத்தில் இருக்கும் முறையில் தூங்குவதை நிறுத்திவிட்டது. பின்கதவைப் பார்த்தபடி, முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் சாமை மூச்சு விடுவது கீழ் இடுக்கில் கேட்கும். நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருப்போம். திடீரென்று அறையில் ஏதோ குறைந்ததுபோல இருக்கும். திரும்பிப் பார்த்தால் செவலையின் வாய் மூடியிருக்கும்.

அண்ணியின் குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. ஒரு மாலை நான் வேலை முடிந்து நுழையும்போது அது சமையலறைக்குள் போய்ப் பின்கதவின் இடுக்கில் விரலை விட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து சாமை விரலை நக்கியது. குழந்தை சிரித்தது. கூடத்திலிருந்து செவலை எழுந்து வந்துகொண்டிருந்தது, குழந்தையைப் பார்க்காமல், இடுக்கை மட்டும் பார்த்துக்கொண்டு. அண்ணி ஓடி வந்து பிள்ளையை வாரியெடுத்தார்.

"பாப்பா," என்றார் என்னைப் பார்த்து. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "உன் பூட்டு நாய்க்குத்தான். புள்ளைக்கு இன்னா பூட்டு போடுவ? இதுக்கு ஒண்ணு ஆச்சுனா நான் உங்கண்ணனுக்கு இன்னான்னு போன் பண்ணுவேன், சொல்லு?"

அடுத்த நாள் இடுக்கை ரப்பர் பட்டையால் அடைத்தேன். அண்ணி அதைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் அன்றிலிருந்து, நாய் எங்கே இருந்தாலும், குழந்தையைத் தரையில் விடுவதில்லை.

கூழ் ஊற்றும் நாளுக்கு நான் தனியாகத் திட்டம் வைத்திருந்தேன். கஷ்டமான திட்டம் இல்லை. அப்பா காப்புக் கட்டியிருந்தார், விடிந்ததும் கோயிலுக்குப் போய்விடுவார். செவலை அவர் பின்னால் போகும். கரகம் தெருச் சுற்றி முடியும் வரை கோயிலிலேயே கிடக்கும், வருடா வருடம் அப்படித்தான். சாமை தோட்டத்தில் இருக்கும். பின்கதவில் பூட்டு. திறந்த கிரில் பூட்டு, மாட்டிய சாவியோடு, என் இடுப்பில். விருந்தாளிகள் முன்பக்கத்தோடு நிற்பார்கள்.

காலையில் வாசல் தெளித்து மாக்கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த அம்மா பின்கதவைப் பார்த்து நின்றார்.

"அத்தக் கழட்டு."

"எத்த?"

"பூட்ட. ஆத்தா தெருவுக்குள்ள வர அன்னிக்கு எந்தக் கதவுலயும் பூட்டு தொங்கக் கூடாதுன்னு தெரியாதா உனுக்கு?"

தெரியும். எங்கள் தெருவில் அது வழக்கம். பீரோவைக்கூட அன்று பூட்ட மாட்டார்கள். ஆனால் ஹாஸ்டலிலும் பிறகு வேலைத் தளங்களிலும் இருந்ததில் பல ஆடிகள் எனக்குத் தப்பிப்போயிருந்தன. திட்டம் போட்டபோது அது நினைவில் வரவே இல்லை.

"மா, பின்கதவு மட்டும் இருக்கட்டும். அந்தப் பக்கம் யாரு பாக்கப் போறா?"

"பாக்க வரவங்களுக்கா பூட்டு? போ, போயி கழட்டு. நல்ல நாளும் அதுவுமா என் வாயக் கெளறாத."

பேரம் பேசினேன். பூட்டைக் கழற்றிவிடுவது, தாழ்ப்பாள் மட்டும் இருக்கட்டும் என்று முடிவானது. அம்மா அரை மனதாகச் சம்மதித்தார். செவலைதான் கோயிலில் இருக்கிறதே என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டு பூட்டையும் எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

பம்பை மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்தபோது நான் கூடத்தில் கற்பூரத் தட்டைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அண்ணி சுவரோரமாகக் கோரைப்பாய் விரித்துக் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை அவர் மடியருகே. அம்மா கிரில்லை அகலத் திறந்துவைத்துவிட்டு, கரகம் தூக்கி வருபவரின் காலில் ஊற்ற மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு யாரோ சரவெடி கொளுத்தினார்கள்.

செவலை வெடிச் சத்தத்துக்கு அப்பாவைக்கூட விட்டுவிட்டு ஓடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. இடுப்பு வலி வருவதற்கு முன் அது அப்படி ஓடியதில்லை. கும்பலை முந்திக்கொண்டு, வாலை ஒடுக்கி, அம்மாவின் புடவையை உரசிக்கொண்டு கூடத்துக்குள் வந்து நின்றது. மூச்சு இரைத்தது. நாக்கு தொங்கியது. நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

பின்கதவு திறந்து கிடந்தது. அம்மா, தண்ணீர்க் குடத்தை எடுக்கப் போனபோது தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டிருந்தார். சாமை சமையலறை வாசற்படியில் நின்றது.

செவலையின் நாக்கு உள்ளே போனது.

இரண்டுக்கும் நடுவில் அண்ணி, குழந்தை, விரித்த பாய். நான் கத்தவில்லை. கத்தினால் அதுவே வெள்ளையின் குரைப்பு மாதிரி ஆகிவிடும். மெதுவாக, மிக மெதுவாக, "அண்ணி, புள்ளயத் தூக்குங்க. எழுந்திரிங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். நான் குனிந்து பாயின் ஒரு முனையைப் பிடித்தேன். "அந்த முனைய நீங்க புடிங்க. செவுரு மாதிரி நிக்க வைக்கணும்."

ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பாய். அண்ணி பிடித்தார். பாய் நிமிர்ந்து கூடத்தின் குறுக்கே நின்றது. செவலை முன்பக்கம், சாமை பின்பக்கம். ஒன்றுக்கொன்று முகம் தெரியாமல் போனது. வெள்ளை எங்கள் காலுக்கு நடுவில் நின்று ஊரைக் கூட்டியது.

அதே நேரத்தில் கரகம் எங்கள் வாசலுக்கு வந்தது. பம்பைக்காரர்கள் அடித்தபடியே உள்ளே பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் வேப்பிலைக் கொத்தோடு எட்டிப் பார்த்து, "இன்னாமே இது! ஆத்தா வாசல்ல நிக்கறா, வூட்டுப் பொண்ணுங்க பாயப் புடிச்சி மறச்சிக்கினு நிக்குதுங்க?" என்றார்.

"வித்த காட்றாங்க போல" என்றது கும்பலில் ஒரு குரல்.

சிலர் சிரித்தார்கள். நான் பாய்க்கு மேலாகச் செவலையைப் பார்த்துக்கொண்டே சாமையின் பக்கம் காலை நீட்டித் தடுத்தேன். சாமை முன்னால் வரவில்லை. காதுகள் ஒட்டிப்போய், ஒரு அடி பின்னால் எடுத்து வைத்து, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. பாய்ந்தது செவலைதான். பாயின் ஓரத்தை, அண்ணியின் விரலுக்கு அருகில், கவ்வி உலுக்கியது. அண்ணியின் கண்ணாடி வளையல்கள் உடைந்து தரையில் தெறித்தன. அவர் பாயை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையை இன்னும் உயரத் தூக்கினார்.

"செவல!"

அப்பா வாசலில் நின்றார். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. அந்தக் குரலுக்குச் சோற்றை விட்டு எழும் நாய் அது. திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். கோரை கிழியும் சத்தம்தான் பதிலாக வந்தது. அப்பா அம்மாவின் கையிலிருந்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கி, உள்ளே வந்து, முழுவதையும் செவலையின் முகத்தில் வீசினார்.

அது கவ்வியதை விட்டது. தும்மியது. மஞ்சளாக நனைந்து, பின்னங்கால் ஒன்றை இழுத்தபடி, கரகத்தின் முன்னால் விலகி வழிவிட்ட கூட்டத்துக்கு நடுவே தெருவில் இறங்கிப் போனது. யாரும் சிரிக்கவில்லை. நான் சாமையைத் தோட்டத்தில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். அம்மா வேறு குடம் நிரப்பி வந்து, கரகம் சுமந்தவரின் காலில் ஊற்றினார். அண்ணி தேங்காய் உடைத்தார். கரகம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

மதியம் கூழும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி கையில் கண்ணாடி கீறிய இடத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டை வந்ததா இல்லையா என்று நான் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். இரண்டும் தொடவில்லை. ஆகவே சண்டை இல்லை. பாய் கிழிந்தது. அது சண்டையா?

அப்பா வாய் திறந்தார். "அன்னிக்கு உன் கையக் கடிச்சுதும் இதானா?"

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கயித்த எடுப்பீங்க." அம்மா தலையை நிமிர்த்தினார். "சாமன்னு சொன்னா மலைக்குத்தான் போவும். உசுரோட இருக்கும். செவலன்னு சொன்னா எங்க போவும்? வாய் நெறையப் பொய் சொன்னேன், ஆமா. இன்னா பண்ணச் சொல்றீங்க?"

என் பக்கம் திரும்பி, "உங்கிட்டயும் சொல்ல முடியல. நீ நேரா அவுரு கிட்ட போயி ஒப்பிச்சுடுவ" என்றார்.

அப்பா கை கழுவினார். ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தார். எனக்குச் சாமை தங்கிவிட்டது என்று அந்த நொடியில் தெரிந்தது. அது சந்தோஷமாக இல்லை. அம்மா எழுந்து போய்க் கிரில்லுக்குக் குறுக்கே நின்றார்.

"ஏரிக்கரைக்கா?"

"நவுரு."

"எங்கன்னு சொல்லிட்டுப் போங்க."

அப்பா தெருவைப் பார்த்தார். மின்கம்பத்தடியில் செவலை மஞ்சள் காய்ந்து ஒட்டிய முகத்தோடு படுத்திருந்தது. "நெலத்து மோட்டார் கொட்டாய்க்கு" என்றார். "கெழங்கு புடிக்கிற நேரம். பன்னி எறங்குது. யாராவது அங்க படுக்கணும்தான். நான் அங்கியே இருந்துக்கறேன், அதுவும் இருந்துக்கட்டும்."

"எத்தினி நாளைக்கி?"

"அது இருக்கற வரிக்கும்."

அண்ணிதான் எழுந்து அவருடைய போர்வையையும் டார்ச்சையும் எடுத்து வந்து கொடுத்தார். "கால்ல செருப்பு போட்டுக்கினு போங்க மாமா" என்றார். செவலைக்குக் கயிறு கட்டிப் பழக்கமில்லை. கழுத்தில் விழுந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு வழக்கம்போல அவர் பின்னால் நடந்தது.

இப்போது பூட்டுகள் இல்லை. குழந்தை தரையில் தவழ்கிறது. சாமை அதன் பின்னாலேயே அலைகிறது. வெள்ளை குரைக்கிறது, குரைப்பதோடு முடிகிறது. வேலை முடிந்ததும் தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போவது என் பொறுப்பு. முதல் நாள் போனபோது செவலை வாலாட்டிக்கொண்டு எதிரே வந்தது. என் பேண்டை முகர்ந்தது. வாலாட்டல் நின்றது. வாய் மூடியது. நான் தூக்கை மார்போடு சேர்த்துப் பிடித்து அசையாமல் நின்றேன்.

"வாசன வருது அதுக்கு" என்றார் அப்பா, கயிற்றுக் கட்டிலிலிருந்து. "நாளைலேர்ந்து வேற துணி போட்டுக்கினு வா."

அதற்கென்று ஒரு சுடிதாரைத் தனியாகத் துவைத்து, அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். கைகால் கழுவி, அதை மாட்டிக்கொண்டு, சாமையைத் தொடாமல் நேராகக் கிளம்புவேன். செவலை இப்போது என்னை முகர்ந்துவிட்டு வழி விடுகிறது.

அப்பா குளிக்கவும் சாப்பிடவும் பகலில் வீட்டுக்கு வருவார். செவலையைக் கொட்டாயில் கட்டிவிட்டு வருவார். முன்பு அவர் ஏறிட்டும் பார்க்காத சாமை, இப்போது அவர் நுழைந்ததும் எங்கிருந்தோ ஓடி வருகிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அது கிட்ட வருவதற்குள் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் சம்மணமிட்டுக்கொள்கிறார். வேட்டியில் அதன் மூக்கு பட்டுவிட்டால் கொட்டாயில் செவலைக்குப் பதில் சொல்ல வேண்டும். "தள்ளிப் போ, தள்ளிப் போ" என்கிறார் அதனிடம், ரகசியம் போலச் சின்னக் குரலில். அது நாற்காலிக்குக் கீழே படுத்து அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் காலைக் கீழே இறக்குவதில்லை.